என் தம்பி மனைவியின் ‘ம்’

எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புதிதாக ஒரு யோசனை வந்திருக்கிறது. குடும்பத்தில் ஒவ்வொருவரும் இன்னொருவரைப் பற்றி எழுதித் தர வேண்டுமாம். பின்னால் பிறக்கப்போகிறவர்கள் படித்துத் தெரிந்துகொள்வதற்காம். யார் யாரைப் பற்றி எழுதுவது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். எனக்குத் தம்பி வந்திருக்கலாம். என் வீட்டுக்காரர் வந்திருந்தால்கூட நாலு வரி கிண்டலாக எழுதிவிட்டு எழுந்து போயிருப்பேன். வந்தது தம்பி மனைவி. யாரும் பார்க்காதபோது சீட்டை மறுபடி மடித்துப் போடப் பார்த்தேன். தம்பி மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அத்தை, கள்ளாட்டம் ஆடாதீங்க. எங்க அம்மாவைப் பத்தி நீங்கதான் எழுதணும். உண்மையா எழுதணும்.”

உண்மையாகத்தானே? எழுதிவிட்டால் போகிறது. எனக்கு அவளைக் கண்டால் பொறாமை. கல்யாணமாகி அவள் வந்த நாளிலிருந்தே பொறாமை. இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது, வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஆளைப் பார்த்தால் பொறாமைப்பட ஒன்றும் கிடையாது. ஒல்லி. மூக்கில் நிற்காத கண்ணாடி. சாம்பல் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர், வேலைக்கும் அதுதான், விசேஷத்துக்கும் அதுதான். நான் சலவைக் கடை வைத்திருக்கிறவள், ஒருவர் துணியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன். இவள் ஸ்வெட்டரின் வலது கைமுட்டி மட்டும் நைந்திருக்கும். நாள் முழுக்க மேஜையில் முட்டியை ஊன்றி, தலையைச் சாய்த்து, யார் பேச்சையாவது கேட்டுக்கொண்டே இருந்தால் அப்படித்தான் நையும்.

பிறந்த வீட்டில் அவளுக்கு நாலு அண்ணன்கள். நாலு பேரும் சாப்பாட்டு மேஜையில் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். கேட்பதற்கென்று ஒரு ஆள் வேண்டுமே, அதற்காக இவளைப் பெற்றுப்போட்டார்களோ என்னவோ. படித்து முடித்ததும் கிடைத்த வேலையும் அதற்கேற்றாற்போல்தான் அமைந்தது. ஊருக்குத் தண்ணீர் விடும் அலுவலகத்தில், புகார் சொல்லிப் போன் செய்கிறவர்களுக்குப் பதில் சொல்கிற வேலை.

ஒரு முறை வீட்டுச் சாவியை எங்கள் கடையில் மறந்துவிட்டுப் போய்விட்டாள். கொடுக்கப் போனேன். ஜன்னலில்லாத நீள அறை. பலகைத் தடுப்புகளுக்கு நடுவே ஆளுக்கொரு மேஜை, காதில் ஹெட்போன். எல்லோர் மேஜையிலும் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. இவள் மேஜையில் மட்டும் அந்தப் பாட்டிலில் ஒரு செடிக்கொடி வளர்த்திருந்தாள். யாரோ ஒரு ஆள் போனில் கத்துகிறான், ஹெட்போனைத் தாண்டி எனக்கே கேட்கிறது. மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் வரவில்லையாம். உங்களுக்கெல்லாம் சம்பளம் ஒரு கேடா என்கிறான். இவள், “ம்… சொல்லுங்க” என்கிறாள். நானாக இருந்தால் அவன் குடும்பத்துக்கே தண்ணீர் காட்டியிருப்பேன். அவன் கத்தி ஓய்ந்தான். இவள் ஒன்றும் பேசவில்லை. லைன் போய்விட்டது என்றே நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் குரல் மறுபடி வந்தது, இந்த முறை எனக்குக் கேட்காத அளவுக்குச் சின்னதாக.

வெளியே வந்து டீ குடிக்கும்போது கேட்டேன். “அவ்வளவு கத்தறான், நீ பாட்டுக்குச் சும்மா இருக்கே?”

“முதல்ல வர்றது கோபம் அண்ணி. அது முடிஞ்சதும் நாம கொஞ்சம் சும்மா இருக்கணும். அப்பதான் நிஜமான கம்ப்ளெயின்ட் வரும்.”

“என்னவாம் அவனுக்கு?”

“அவர் வீட்டம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி வந்திருக்காங்களாம். இவருக்கு முதுகு வலி, மூணு மாடி குடம் தூக்க முடியலை. அதைச் சொல்ல வெக்கம்.”

இதுதான் அவள். இதைத் தாண்டி அவளிடம் ஒரு வித்தையும் கிடையாது. இதை வைத்துக்கொண்டுதான் எங்கள் வீட்டையே வளைத்துப் போட்டாள்.

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவளைப் பற்றி எழுதச் சொன்னால் இவள் தன் புராணத்தை ஆரம்பித்துவிட்டாள் என்று தம்பி சிரிப்பான். சிரிக்கட்டும். வீட்டில் எனக்கு ரேடியோ என்று பேர். என் கடைக்கு வருகிறவர்கள் துணியைக் கொடுத்துவிட்டு ஒரு கதையை வாங்கிக்கொண்டு போவார்கள். குடும்பத்தில் நாலு பேர் கூடினால் கதை சொல்வது நான்தான். அப்பா வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் தப்பான ஆலைக்குள் நுழைந்து சாயங்காலம் வரை மாங்கு மாங்கென்று வேலை பார்த்துவிட்டு வந்த கதை. சித்தப்பா கல்யாணப் போட்டோவில் முன்வரிசையில் சிரித்துக்கொண்டு நிற்கும் ஆள் யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாத கதை. பிள்ளைகள் எல்லோரும் இவற்றை என் வாயால் கேட்டு வளர்ந்தவர்கள். என்ன நான் சொல்வது, இந்தக் குடும்பத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறதென்றால் அது என் நாக்கில்தான் இருந்தது.

அதிலே என் உயிர்க் கதை அம்மா கதை. எனக்கு நாலு வயதும் தம்பிக்குக் கைக்குழந்தைப் பருவமுமாக இருந்தபோது அம்மா நோயில் படுத்துப் போய்ச் சேர்ந்தாள். அதற்குமுன் அவளும் அவளுடைய அக்காவும், அதாவது எங்கள் பெரியம்மாவும், வேறொரு ஊரில் சந்தையில் காய்கறிக் கடை போட்டிருந்தார்கள். அம்மா போனதும் கடையை விட்டுவிட்டு எல்லோரும் இந்த ஊருக்கு வந்துவிட்டோம். கல்யாணம் காட்சி என்று எதுவும் பார்க்காமல் பெரியம்மாதான் எங்களை வளர்த்தாள். பிஸ்கட் கம்பெனியில் டப்பாவுக்கு மூடி போடுகிற வேலை பார்த்தாள். பேச்சு அதிகம் கிடையாது.

அம்மாவுக்கு ஒரே ஒரு போட்டோதான் உண்டு. உதட்டை இறுக மூடிக்கொண்டு நிற்பாள். சின்னப் பிள்ளையில் அப்பாவிடம், அம்மா எப்படி இருப்பாள் என்று கேட்டேன். “அமைதியானவ” என்றார் அப்பா. அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒரு மாளிகையே கட்டிவிட்டேன். எங்கள் அம்மா அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். காய்கறிக் குவியலுக்குப் பின்னால் புன்சிரிப்போடு உட்கார்ந்திருப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே சனங்கள் வாங்கிப் போவார்கள். யாரைப் பார்த்தும் ஒரு பொறாமை, ஒரு பொச்சரிப்பு கிடையாது. இதைச் சொல்லும்போது எனக்கே கண் கலங்கும், கேட்கிறவர்களுக்கும் கலங்கும்.

தம்பிக்குக் கல்யாணமாகி இவள் வந்தாள். வந்த வாரமே, தலையைச் சாய்த்துக்கொண்டு எல்லோர் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்தவளைப் பார்த்து அப்பா சொன்னார்: “இந்தப் பொண்ணு உங்கம்மா மாதிரி. அமைதி.”

நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்த இடத்திலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயிற்றில் பிறந்தவள் நான். தாயில்லாமல் தம்பியை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் நான். நேற்று வந்தவள் அம்மா மாதிரியாம். அப்பா இப்போது இல்லை, ஆனால் அந்த வார்த்தை வீட்டிலேயே தங்கிவிட்டது. சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் அதையே சொன்னார்கள். சொல்லமாட்டார்களா என்ன, அம்மா இப்படித்தான் இருப்பாள் என்று ஊருக்கெல்லாம் ஒலிபரப்பியதே நான்தானே. நானே தைத்த சட்டை, அவளுக்கு அளவெடுத்தாற்போல் போய்ப் பொருந்திவிட்டது.

போன வருஷம் தம்பி மகள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். “அத்தை, பாட்டி குரல் எப்படி இருக்கும்?”

எனக்குப் பதில் தெரியாத கேள்வி அது ஒன்றுதான். நோயில் கிடந்த அம்மாவின் கை எனக்கு ஞாபகம் இருக்கிறது, போர்வை வாசம் ஞாபகம் இருக்கிறது, குரல் மட்டும் இல்லை. எத்தனையோ தடவை படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்திருக்கிறேன், வரவே வராது. “மெல்லிசா இருக்கும்” என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் தலையாட்டிவிட்டு, “அம்மா குரல் மாதிரியா?” என்றாள். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பெரியம்மாவின் தொண்டையில் கட்டி என்று தெரிந்தது. ஆபரேஷன் செய்தால் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் குரல்வளையை எடுத்துவிட வேண்டும், அப்புறம் பேச முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாள் குறித்தாகிவிட்டது. திங்கட்கிழமை.

பெரியம்மா இருப்பது என் கடைக்கு எதிரே, ஒரு அறையும் சமையல்கட்டும் உள்ள வீடு. அங்கே எல்லோரும் கூடினோம். பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்து தன் பாட்டுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். பேச முடிகிற நாட்களில் அவள் ஞாபகங்களை அவள் குரலிலேயே பிடித்து வைத்துவிட வேண்டும், பிள்ளைகளுக்கு அது வேண்டும் என்று தம்பி சொன்னான். நல்ல யோசனை. யார் உட்கார்ந்து கேட்பது என்று பேச்சு வந்ததும், ஒரு நொடிகூட யோசிக்காமல் தன் பெண்டாட்டியைக் கை காட்டினான். பெரியம்மாவும் நகத்திலிருந்து தலையைத் தூக்காமல், “ஆமா, அவ வரட்டும்” என்றாள்.

தினமும் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோவது யார்? நான். அவள் போர்வையை வெளுத்துத் தருவது யார்? நான். எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசுகிறோம் என்றே தெரியவில்லை.

“இது எங்கம்மாவோட அக்கா. எங்க ரத்தம். வெளியில இருந்து வந்தவங்க கேட்டு எழுதறதுக்கு இது என்ன தண்ணி வரலைங்கற புகாரா?”

தம்பி வாயைத் திறந்தான். அவன் மனைவி அவன் கையைத் தொட்டு நிறுத்திவிட்டு, “அண்ணியே முதல்ல உக்காரட்டும்” என்று தன் போனை என் கையில் கொடுத்தாள். எந்தப் பொத்தானை அமுக்குவது என்று காட்டினாள். பெருந்தன்மை காட்டுகிறாளாம். அதற்கும் எரிந்தது.

மறுநாள் கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டுப் போனேன். பெரியம்மாவுக்குத் தலையணை வைத்து உட்காரவைத்தேன். பொத்தானை அமுக்கினேன். ரொம்ப நன்றாகப் போனது. அப்படித்தான் நினைத்தேன். முடித்துவிட்டு வரும்போது மனசு நிறைந்திருந்தது. எல்லாவற்றையும் பேசியாகிவிட்டது, ஒன்றையும் விடவில்லை.

அன்று சாயங்காலம் தம்பி வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கேட்டார்கள். நானும் டீ தம்ளரோடு நடுநாயகமாக உட்கார்ந்தேன்.

“பெரியம்மா, நீயும் அம்மாவும் அந்தச் சந்தையில கடை போட்டிருந்தீங்கல்ல, அதைச் சொல்லு.”

“அது வந்து…”

“அம்மா ஒண்ணுமே பேச மாட்டா, இல்ல? சிரிச்ச முகமா உக்காந்திருப்பா. என்ன நான் சொல்றது?”

“இல்ல, அவ…”

“நீ இரு. நான் சொல்றேன், சரியான்னு மட்டும் சொல்லு.”

அதற்கப்புறம் நான்தான். நான், நான், நான். நடுநடுவே பெரியம்மா இருமுகிறாள். ஒரு இடத்தில் “தண்ணி” என்கிறாள். ஒரு இடத்தில் நான் வாசலில் போன ஆளைக் கூப்பிட்டு, இஸ்திரிக்குப் போட்ட சட்டையை வாங்கிக்கொண்டு போகச் சொல்கிறேன், அதுவும் பதிவாகியிருக்கிறது. முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் தம்பி சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, “பெரியம்மா நேர்காணல்னு போட்டுட்டு ரேடியோ பேட்டி குடுத்திருக்கு” என்றான். என் வீட்டுக்காரர் நாகரிகமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் தோள் குலுங்கியது. சிரிக்காதவள் ஒருத்திதான். தலையைச் சாய்த்து, கடைசி வரை, ஒரு வரி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டீ தம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். படிக்கட்டில் இறங்கும்போது அவள் பின்னாலேயே வந்தாள்.

“அண்ணி.”

“அதை அழிச்சிடு.”

“நீங்க போனைத் திருப்பிக் குடுத்ததுமே பெரியம்மா கூப்பிட்டாங்க. அழிக்கக்கூடாதுன்னு சொன்னாங்க.”

“ஆமா, எல்லாரும் சேர்ந்து கை தட்டிச் சிரிக்கணும்ல. உனக்குக் குளுகுளுன்னு இருக்குமே. எங்கப்பா உன்னைத்தான் அம்மா மாதிரின்னாரு. என் தம்பி பேச்சுக்குப் பேச்சு உன் மூஞ்சியைத்தான் பாக்கறான். பெரியம்மாவும் உன்னைத்தான் கேக்கறா. என்கிட்ட இருந்தது கதை ஒண்ணுதான், அதையும் போன்ல பிடிச்சு வெச்சுக்கிட்டா நான் எதுக்கு? இன்னும் என்ன வேணும் உனக்கு?”

“ம்” என்றாள்.

நான் திட்டித் தீர்த்துவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் சாய்ந்து நின்றாள். கீழே யாரோ சைக்கிளைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சும்மா நிற்பது தாங்கவில்லை. எதையாவது சொல்லி அதை நிரப்ப வேண்டும் என்று வாயைத் திறந்தேன். நான் நினைக்காதது வந்தது.

“எனக்கு எங்கம்மா குரல் தெரியாது.”

அதைச் சொன்ன பிறகுதான் தண்ணீர் அலுவலகம் ஞாபகம் வந்தது. என்னிடமே அந்த வேலையைக் காட்டிவிட்டாள். பாவி.

அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. “ஞாயித்துக்கிழமை மத்தியானம் பெரியம்மாகிட்ட உக்காரப் போறேன். நீங்களும் வாங்க” என்றாள். “ஆனா அறைக்குள்ள வரக்கூடாது. சமையல்கட்டுல இருங்க. என்ன ஆனாலும் பேசக்கூடாது.”

“என் பெரியம்மா வீட்டுல எனக்கே சட்டமா?”

“ஆமாண்ணி” என்றாள்.

ஞாயிறு மதியம் போனேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனேன், ஆனாலும் போனேன். சமையல்கட்டில் முக்காலியைப் போட்டுக்கொண்டு உருளைக்கிழங்கு தோல் சீவ உட்கார்ந்தேன். சமையல்கட்டுக்கும் அறைக்கும் நடுவே கதவு கிடையாது, ஒரு திரைதான். பெரியம்மாவுக்கு நான் இருப்பது தெரியாது.

முதலில் பிஸ்கட் கம்பெனி, மூடி போடும் மெஷின், முதல் மாதம் விரல் நசுங்கியது என்று என்னென்னவோ பேசினாள். கரகரத்த குரல், இடையிடையே நின்று மூச்சு வாங்கி வந்தது. எனக்குத் தெரியாத எத்தனை விஷயம். ஒவ்வொன்றுக்கும் இவள் “ம்”தான். எனக்கு ஒவ்வொரு ‘ம்’முக்கும் உள்ளே சுருக்கென்றது. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்த எனக்கு ஒன்றும் சொல்லவில்லையே, இவளிடம் கொட்டுகிறாளே என்று கத்தியைக் கிழங்கில் ஆழமாக இறக்கினேன்.

அப்புறம் அவள் கேட்டாள். “உங்க தங்கச்சி எப்படிப் பேசுவாங்க பெரியம்மா?”

“அதான் ரேடியோ சொல்லுமே. அமைதியானவ.”

“ம்.”

அவ்வளவுதான். இரண்டு பேரும் பேசவில்லை. பெரியம்மா தண்ணீர் குடித்தாள், தம்ளரை வைத்தாள். அப்போதும் இவள் பேசவில்லை. குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. கேளேன், இன்னொரு தரம் கேளேன், நாளைக்குக் குரல் போய்விடுமே, இந்த மண்ணாங்கட்டி இப்படி உட்கார்ந்திருக்கிறதே என்று எனக்கு உடம்பெல்லாம் பதறியது. எழுந்துவிட்டேன். திரையில் கை வைத்துவிட்டேன். வாயையும் திறந்துவிட்டேன். எப்படியோ புறங்கையை எடுத்துப் பல்லுக்கு நடுவே வைத்துக் கடித்துக்கொண்டேன்.

“அது பொய்ம்மா” என்றாள் பெரியம்மா.

நான் அப்படியே நின்றேன்.

“என் தங்கச்சி வாயைத் திறந்தா சந்தையோட அந்தப் பக்கம் கேக்கும். கூவி விக்கிறது அவ, நிறுத்துக் குடுக்கிறது நான். பக்கத்துக் கடையில நாலு பேர் நின்னா அவளுக்குப் பொறுக்காது. ‘அங்க என்னத்தைக் கண்டுட்டாங்க, அழுகல் தக்காளிக்கு இவ்வளவு கூட்டமா’ன்னு அந்த ஆள் காதுல விழற மாதிரியே சொல்லுவா. பொறாமைன்னா அப்படி ஒரு பொறாமை. நான் ஒரு செருப்பு புதுசா வாங்கினேன். ரெண்டு நாள் முகம் குடுத்துப் பேசலை. மூணாம் நாள் அதையே போட்டுக்கிட்டுக் கடைக்கு வந்துட்டா.”

பெரியம்மா சிரித்தாள். இருமல் வந்தது. இருமல் அடங்கும்வரை இவள் காத்திருந்தாள்.

“மூச்சு விடாம பேசுவா. நடுவுல ‘என்ன நான் சொல்றது’ன்னு கேப்பா. சரின்னு நாம பதில் சொல்ல வாயெடுத்தா, ‘நீ இரு’ம்பா.”

என் மறு கையிலிருந்த கிழங்கு தரையில் விழுந்து உருண்டது. பெரியம்மாவுக்குக் கேட்டிருக்கும். ஆனால் அவள் நிறுத்தவில்லை.

“கடைசியில நோவு வந்துதான் பேச்சு நின்னுது. மாசக்கணக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தா. அவ புருஷனுக்கு அதுதான் மனசுல நின்னுபோச்சு, அமைதின்னுட்டாரு. நம்ம ரேடியோ அதைப் பிடிச்சுக்கிச்சு. சொல்லணும்னு நினைப்பேன். சொல்ல ஆரம்பிக்கறதுக்குள்ள அது பேச ஆரம்பிச்சிடும். பேச ஆரம்பிச்சா, அது என் தங்கச்சி. அதே குரல், அதே இழுப்பு. நாம குறுக்க ஒரு வார்த்தை சொல்லி, அது நின்னுட்டா என்ன பண்றதுன்னு சும்மா இருந்துடுவேன். சுயநலம்தான். எனக்கு அவ செத்தே போகலை பாரு. தினமும் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கிட்டுப் பேசிட்டே வர்றா.”

இதைக் கேட்டு நான் உருகி நின்றேன் என்று எழுதினால் பொய். முதலில் எனக்கு வந்தது சந்தோஷம், கேவலமான சந்தோஷம். அப்படியென்றால் இவள் அம்மா மாதிரி இல்லை. அப்பா சொன்னது தப்பு, ஊர் சொன்னது தப்பு, நான் சொன்னதும் தப்பு. அம்மா மாதிரி இருப்பது நான். ஒரு ஆட்டம் ஆடலாம் போலிருந்தது. அதற்கடுத்த நிமிஷமே, இதையும் பெரியம்மா என்னிடம் சொல்லாமல் இவளிடம் சொல்லிவிட்டாளே என்று வயிறு எரிந்தது. அதற்கப்புறம்தான் அழுகை வந்தது. புறங்கையைக் கடித்தபடியே அழுதேன். சத்தம் வெளியே வரவில்லை. நான் சத்தமில்லாமல் செய்த காரியம் என் ஆயுசில் அது ஒன்றுதான், பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும்.

திங்கட்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தம்பி மகள் இரண்டு பதிவுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பதிவுக்குப் ‘பெரிய பாட்டி’ என்று பெயர். எல்லோரும் சிரித்த என்னுடைய பதிவுக்கு அவளே ஒரு பெயர் வைத்திருக்கிறாள்: ‘பாட்டி குரல், ஏறக்குறைய.’

பேச்சில்லாத பெரியம்மாவை வார்டுக்கு மாற்றிய பிறகு நானும் தம்பி மனைவியும் பார்க்கப் போனோம். கழுத்தில் கட்டு. கையில் எழுதிக்காட்ட ஒரு சின்னப் பலகை கொடுத்திருந்தார்கள், அதை அவள் விசிறியாக வைத்துக்கொண்டிருந்தாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை. எனக்கா என்று கேட்கிறீர்களா, ஆமாம், எனக்குத்தான். வாயைத் திறந்தால் அம்மா குரல் வரும் என்று தெரிந்த பிறகு, கண்ட கண்டதைப் பேச ஒரு மாதிரி இருந்தது.

தம்பி மனைவி குனிந்து கேட்டாள். “ஏதாவது வேணுமா பெரியம்மா? நாம பதிவு பண்ணினதுல எதையாவது போடட்டுமா?”

பெரியம்மா தலையசைத்தாள், வேண்டாமென்று. என்னைப் பார்த்தாள். விரலை என் வாய்க்கு நேராக நீட்டினாள். அப்புறம் கையை விரித்து அசைத்தாள், ஆகட்டும் என்கிற மாதிரி.

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரே கூட்டம். ஏழெட்டுப் பேர் சுற்றி நிற்கிறார்கள், தலைமாட்டில் ஒரு கூடை நிறையப் பழம், பளபளவென்று கண்ணாடிக் காகிதம் சுற்றி. எங்கள் கட்டிலில் நாங்கள் இரண்டே பேர், ஒரு பிளாஸ்க்.

“அங்க என்னத்தைக் கண்டுட்டாங்க இவ்வளவு கூட்டம்?” என்றேன், அவர்கள் காதில் விழட்டும் என்றே. “ஆபரேஷனாம் ஆபரேஷன், குடல்வால் எடுத்ததுக்கு இந்த ஆர்ப்பாட்டம். கூடையைப் பாரு, மேல நாலு ஆப்பிள், அடியில பூரா காகிதத்தைச் சுருட்டி வெச்சிருப்பான், கடைக்காரன் புத்தி எனக்குத் தெரியாதா. நம்ம ஆபரேஷனுக்கு முன்னால இதெல்லாம் ஒரு ஆபரேஷனா பெரியம்மா, என்ன நான் சொல்றது?”

பெரியம்மா பதில் சொல்வதுபோல் பலகையைத் தூக்கினாள்.

“நீ இரு” என்றேன்.

அவள் பலகையைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கழுத்துக் கட்டுக்கு மேலே முகம் முழுக்கச் சிரிப்பு. நான் நிறுத்தவில்லை, பேசிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் தம்பி மனைவி சத்தமில்லாமல் போனை எடுத்தாள், பொத்தானை அமுக்கினாள், கட்டிலில் எனக்கும் பெரியம்மாவுக்கும் நடுவே வைத்தாள். கைமுட்டியைக் கட்டில் கம்பியில் ஊன்றித் தலையைச் சாய்த்துக்கொண்டு, “ம்” என்றாள்.